செவ்வாய் முறை

பதினாறாம் நாள் காரியம் முடிந்து
பந்தல்காரர் கொம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போன
அன்றும் செவ்வாய்க்கிழமை.

கிணறு நாலு பேருக்குப் பங்கு.
செவ்வாய் எங்கள் முறை.
மும்முனை கரண்ட் இரவு ஒன்றரைக்கு.
அண்ணன் குவைத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டான்.
நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்காரி,
நாளுக்கு நானூறு ஜோடிக்குப் பசை தடவுகிறவள்.
மோட்டார் போடத் தெரியும்.
மடை திருப்பத் தெரியாது.

அப்பா பெயர் முனிரத்தினம்.
இறப்புச் சான்றிதழில்
தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று போட்டார்கள்.
அணைக்கட்டுப் பக்கத்து முள்ளுக் கத்தரி என்று
போடக் கட்டம் இல்லை.

காம்பில் முள், இலை நரம்பில் முள்,
பறிக்கிற கையைக் கிழிக்கிற செடி அது.
சாயங்காலம் அம்மா ஊக்கை விரித்து
அவர் விரலை மடியில் வைத்துக் குனிவாள்.
"இருக்கட்டும் வுடு, மார்க்கெட் வண்டி வந்துடும்."
அவர்கள் கைபிடித்து நான் பார்த்தது
அவ்வளவுதான்.

சாவு வீட்டில் அவர் உட்காரமாட்டார்.
ஆறுதல் சொல்ல வராது.
நேரே கொட்டகைக்குப் போய்
அந்த வீட்டு மாட்டைக் கறந்து
சொசைட்டியில் ஊற்றி
அவர்கள் அட்டையிலேயே எழுதிக்கொண்டு வருவார்.
"துக்கம் மாட்டுக்குத் தெரியுமா, மடி கனக்குமில்ல."

பாரதம் ஓடுகிற பதினெட்டு நாளும்
கத்தரிக்காய் பாதி விலைக்குப் போகும்.
படுகளத்துப் பொம்மைக்கு
ஏரி மண் இரண்டு டிராக்டர் எங்கள் செலவு.
தாவூத் பாய் டீசலுக்கு மட்டும் வாங்குவார்.
பங்காளிக்கு ஊசிமுனை இடம் தராமல்
ஊர் நடுவே மல்லாந்து கிடக்கிறவனின்
தொடையைத் தட்டித் தட்டிச் சமன் செய்வார் அப்பா.
"பாவம், இதுக்குப் போயி" என்பார்.

என் பத்தாவது ரிசல்ட் வந்த அன்று
பகலில் கரண்ட் வந்தது.
பள்ளிக்கூடத்துக்கு அவர் வரவில்லை.
அந்தக் கோபம் கொஞ்சம்
இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

ஒன்றேகாலுக்கு நான் போனபோது
கிணற்று மேட்டில் ஏற்கெனவே இரண்டு டார்ச்.
புதன் முறைக்காரர் தசரதன்,
வெள்ளி முறைக்காரர் வேணு.
முறை வீணாகுமே என்று வந்தவர்கள்
ஒருவரை ஒருவர் பார்த்துத்
திருடர்கள் மாதிரி நின்றிருந்தார்கள்.
நான் ஸ்விட்சைத் தட்டினேன்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
பைப் இரண்டு தரம் இருமிவிட்டுத்
தண்ணீரைத் துப்பியது.

அவர்கள் போனபின்
மூன்று மணிக்கு வந்தாள் நவநீதம்,
தோளில் மண்வெட்டி.
"உங்கப்பா இந்நேரத்துக்கு
இந்தாண்ட திருப்பி வுடுவாரும்மா.
எங்க போர் தூந்துபோனதிலேர்ந்து."
எத்தனை வருஷம் என்றேன்.
விரலை மடக்கினாள். பதினொன்று.
பணம்?
"வாங்கினா எங்கிட்ட எதுக்கு இருட்டுல வரணும்?"

வேப்பமரத்தடியில் வாய்க்கால்
இரண்டாகப் பிரிவதை
அன்றுதான் பார்த்தேன்.
வெட்ட வெட்ட மண் சரிந்தது.
அவள் சிரித்தாள், அப்பா மாதிரி இல்லை,
ஆனாலும் சிரிப்பு.
கடைசியில் காலால் மிதித்து மடையை அடைத்தேன்.
தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டு
அவள் கேழ்வரகுக்குப் போனது.

விடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன்.
டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே,
"தெரியும். செவ்வாக்கிழமை ஈரம்
நம்ம கடைசிப் பாத்திக்கு வந்ததேயில்ல.
முள்ளு எடுக்கறவளுக்கு
இது தெரியாதா?"
கேட்கவில்லையா நீ?
"இன்னாத்துக்குக் கேக்கறது."

ஆறு மணி கம்பெனி பஸ்.
நகக்கண்ணில் சேறு.
பாலாற்றுப் பாலம் வருகிறவரை தூங்கினேன்.
கட்டைவிரல் ஓரம் ஏதோ சுருக்கென்றது.
பக்கத்து சீட்டுப் பெண் ஊக்கு நீட்டினாள்.

இருக்கட்டும் வுடு என்றேன்.